மன்னார்குடி என்றால் 191

குறுவை அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்த நேரம். நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில், சாலையோரத்தில் ஒரு தனியார் அரிசி ஆலை. முதல்நாள் நெல் போட்டுவிட்டுப் பணம் வாங்கிப் போன பெரியவர் ஒருவர், மறுநாள் காலையிலேயே திரும்பி வந்து சீட்டை மேசையில் வைத்தார். "நான் ஏத்துனது நூத்தியாறு மூட்டை. நீங்க நூத்தி அறுபது மூட்டைக்குக் காசு குடுத்திருக்கீங்க. நீங்களே பாருங்க."

சீட்டில் மொத்த எடை 9,840 கிலோ. காலி எடை 191 கிலோ. நிகர எடை 9,649 கிலோ. மூட்டைக்கு 60 கிலோ வைத்தால் அவர் சொன்ன 106 மூட்டைக்கு 6,360 கிலோதான் வரவேண்டும். வந்த வண்டி ஐச்சர். அதன் காலி எடை 3,480 கிலோ என்று ஆலையின் வண்டிப் பதிவிலேயே இருக்கிறது. 191 கிலோ என்றால் கிட்டத்தட்ட ஒரு புல்லட் மோட்டார் சைக்கிள்.

அந்தச் சீட்டை அடித்துத் தரும், சி மொழியில் எழுதிய புரோகிராமை இப்போது பார்த்துக்கொள்வது நான். முதலில் எழுதியவர் வேறொருவர். ஆனால் உள்ளே உறங்கிக்கிடந்த பிழையை எழுப்பிவிட்ட மாற்றம் என்னுடையது. அதனால் நடந்ததை முதலிலிருந்து எழுதிவைக்கிறேன்.

மூன்று நாள் சந்தேகம்

எண் தப்பாக வந்தால் யாரும் கணினியின் மெமரியைச் சந்தேகிப்பதில்லை. முதலில் எடைமேடைக்கு அடியில் இருக்கும், எடையை உணரும் லோடு செல்லைப் பார்த்தார்கள். மழைத்தண்ணீர் இறங்கியிருக்குமோ, எலி ஒயரைக் கடித்திருக்குமோ என்று ஆள் வைத்துச் சோதித்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம் பேச்சு எடை போடும் அக்கா பக்கம் திரும்பியது. லாரிக்காரர்களோடு சேர்ந்து காலி எடையைக் குறைத்துப் போடுகிறாரோ என்று. முதலாளி நேராகக் கேட்கவில்லை. பக்கத்தில் இன்னொரு ஆளை உட்காரவைத்தார், அவ்வளவுதான். வருஷக்கணக்காக அந்த மேசையில் இருப்பவருக்கு அதைவிட என்ன வேண்டும்?

நான் போய்ச் சேர்ந்ததும் அவர் சொன்னது இது. "தம்பி, நான் கை வைக்கலை. அதுவா போடுது. எடையைத் திருத்துனா ஊர் பேரு கெட்டுப்போவுது. ஊர் பேரைத் திருத்துனா எடை கெட்டுப்போவுது."

இந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களை அவர் மூன்று நாளாக எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். யாரும் காதில் வாங்கவில்லை. சி எழுதும் ஒருவர் கேட்டிருந்தால் அங்கேயே பாதி வேலை முடிந்திருக்கும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று கெடுகிறது என்றால் இரண்டும் ஒரே இடத்தில் இருக்கின்றன என்று பொருள்.

செய்து காட்டச் சொன்னேன். திருத்தும் திரையில் 191-ஐ அழித்து 3480 அடித்தார், சேமித்தார். ஊர் இருந்த இடத்தில் 'மன்னார்குட' என்று வந்து அதன் பின்னால் ஒரு வெற்றுக் கட்டம் நின்றது. ஊரை மறுபடி மன்னார்குடி என்று அடித்தார். எடை 191 ஆனது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்த எடைமேடை 10 கிலோ கணக்கில்தான் காட்டும். 3,480 காட்டும், 3,490 காட்டும். 191-ஐ அதனால் காட்டவே முடியாது. அப்படியானால் அந்த எண் மேடையிலிருந்து வரவில்லை.

அந்த வாரத்துச் சீட்டுகளை எல்லாம் எடுத்து வைத்துப் பார்த்தோம். காலி எடை கெட்டுப்போனவை ஒன்பது. அதில் ஆறு மன்னார்குடி, ஆறிலும் காலி எடை 191. வண்டி வேறு, டிரைவர் வேறு, நாள் வேறு. எண் மட்டும் ஒன்றே. இரண்டு நீடாமங்கலம், இரண்டிலும் 141. ஒன்று கும்பகோணம், அதிலும் 141. ஆனால் கும்பகோணம் என்று போட்ட வேறு நான்கு சீட்டுகள் சரியாகவே இருந்தன. தஞ்சாவூர், திருவாரூர், வலங்கைமான் எதிலும் குறையில்லை.

லாரிக்காரர்களோடு கூட்டுச் சேர்ந்து ஏமாற்றுகிறவர் ஊருக்கு ஓர் எண் வைத்துக்கொண்டு ஏமாற்ற மாட்டார். முதலாளியிடம் சீட்டுகளை வரிசையாக அடுக்கிக் காட்டி இதைச் சொன்னேன். அன்று மதியமே அந்த இன்னொரு நாற்காலி எடுக்கப்பட்டது.

ஆறு எழுத்து, முப்பத்து மூன்று பைட்

இந்தப் புரோகிராம் முதலில் ஆங்கிலத்தில்தான் சீட்டு அடித்தது. ஊர்ப் பெயருக்கு மெமரியில் 32 பைட் ஒதுக்கியிருந்தார்கள். ஒரு பைட் என்பது 0 முதல் 255 வரை ஓர் எண் அடங்கும் இடம். மன்னார்குடியை ஆங்கிலத்தில் எழுதினால் 10 எழுத்து, 10 பைட். திருத்துறைப்பூண்டிகூடத் தாராளமாக அடங்கும். நெல் போட வருகிறவர்களில் பாதிப்பேருக்குச் சீட்டில் என்ன இருக்கிறது என்று படிக்க முடியவில்லை என்பதால், செப்டம்பர் கடைசியில் நான் தமிழுக்கு மாற்றினேன். அந்த மாற்றம் தேவையானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். 32 என்ற எண்ணை அப்போது திரும்பிப் பார்க்காமல் விட்டதுதான் தவறு.

எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில், தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு வடிவத்தில் 3 பைட் எடுக்கும். நாம் ஓர் எழுத்தாகப் பார்க்கும் 'னா' அங்கே இரண்டு குறி: ன, அதன் பக்கத்தில் கால். புள்ளி வைத்த எழுத்தும் இரண்டு குறி. மன்னார்குடி கண்ணுக்கு ஆறு எழுத்து. யூனிகோடில் அது 11 குறி. 11 பெருக்கல் 3, ஆக 33 பைட். சி-யில் எந்தச் சரமும் பூஜ்ஜியப் பைட் ஒன்றில் முடிய வேண்டும், அதையும் சேர்த்தால் 34. இருந்த இடம் 32.

மிச்சம் இரண்டு பைட் எங்கே போனது? சீட்டின் விவரங்களை ஒன்றாக அடுக்கி வைக்கும் ஸ்ட்ரக்ட்டில் ஊருக்கு அடுத்து இருப்பது, நான்கு பைட் எண்ணான காலி எடை. மெமரியில் வரப்பு கிடையாது. இது ஊர், இது எடை என்று நாம் பிரித்து வைத்திருப்பது, புரோகிராமை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலருக்கும் நமக்கும் தெரிந்த கணக்கு. ஓடும்போது எல்லாம் ஒரே தரை. சரத்தை நகலெடுக்கும் சி ஃபங்ஷனான ஸ்ட்ர்காப்பி, பூஜ்ஜியத்தைப் பார்க்கும் வரை நகலெடுத்துக்கொண்டே போகும். போய்ச் சேரும் இடம் எவ்வளவு பெரியது என்று அதற்கு நாம் சொல்வதும் இல்லை, அது கேட்பதும் இல்லை.

மன்னார்குடியின் கடைசிக் குறி 'டி'யின் மேல்விலங்கு. அதன் மூன்று பைட்டுகள் 224, 174, 191. முதல் இரண்டும் 31, 32-ஆம் இடங்களில் அடங்கிவிட்டன. 191 மட்டும் காலி எடையின் முதல் பைட்டில் விழுந்தது. முடிக்கும் பூஜ்ஜியம் இரண்டாவது பைட்டில். இந்தக் கணினிகளில் எண்ணின் சிறிய பகுதிதான் முதலில் வரும். மேல் இரண்டு பைட்டும் ஏற்கெனவே பூஜ்ஜியம். ஆக காலி எடை அச்சாக 191 கிலோ. நீடாமங்கலமும் 11 குறிதான், ஆனால் முடிவது புள்ளியில். புள்ளியின் பைட்டுகள் 224, 175, 141. அதனால் அங்கே 141. மயிலாடுதுறையிலிருந்து யாராவது வந்திருந்தால் 136 விழுந்திருக்கும்.

சீட்டில் ஊர்ப் பெயர் மட்டும் ஒழுங்காக அச்சானது எப்படி? அச்சடிக்கும் வரியும் பூஜ்ஜியம் வரும்வரை படிக்கும். 32-ஐத் தாண்டி, காலி எடைக்குள் நுழைந்து, அங்கே இருக்கும் 191-ஐயும் எடுத்துக்கொண்டு, 'டி'யை முழுதாக்கிவிடும். ஊரும் எடையும் அந்த இரண்டு பைட்டைப் பங்குபோட்டுக்கொண்டிருந்தன. அக்கா 3480 என்று திருத்தியதும் அங்கே 152, 13 என்ற பைட்டுகள் உட்கார்ந்தன. 224, 174, 152 என்ற மூன்றும் சேர்ந்தால் யூனிகோடில் க-வுக்கும் ங-வுக்கும் நடுவில், எழுத்தே ஒதுக்கப்படாத ஓர் இடம் வரும். திரையில் வந்த வெற்றுக் கட்டம் அதுதான். பதிவில் இல்லாத வாடகை வண்டி ஒன்றை நெல் இறக்கிய பிறகு காலியாக எடை போட்டபோது 2,950 கிலோ வந்திருக்கிறது. அந்தச் சீட்டில் ஊர் 'மன்னார்குடஆ' என்று அச்சாகியிருந்தது. 2,950-இன் முதல் பைட் 134. அது ஆ-வின் கடைசிப் பைட். எல்லாரும் அதை ஃபான்ட் கோளாறு என்று விட்டுவிட்டார்கள்.

கும்பகோணம் என்னைக் கொஞ்ச நேரம் அலைக்கழித்தது. 10 குறி, 30 பைட், பூஜ்ஜியத்தோடு 31. அடங்க வேண்டும். நான்கு சீட்டுகளில் அடங்கியும் இருக்கிறது. ஐந்தாவதை பைட் பைட்டாகப் பிரித்தபோது தெரிந்தது: அதில் 'கோ' வேறு மாதிரி எழுதப்பட்டிருந்தது. ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. அக்கா கையால் அடித்தபோது ஒரே குறி. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய ஊர்ப்பட்டியலில் இருந்து தேர்ந்தெடுத்தபோது இரண்டு குறி. அங்கே 30 என்பது 33 ஆகிவிட்டது.

ஒரு தடுப்பு இருப்பதாகத்தான் நானும் நம்பியிருந்தேன். உள்ளீட்டுப் பெட்டிக்கு 31 என்று எல்லை வைத்திருந்தது. ஆனால் திரையை வரைய நாங்கள் பயன்படுத்தும் ஜிடிகே தொகுப்பில், பெட்டியின் எல்லை குறிகளை எண்ணும், பைட்டை எண்ணாது. 31 தமிழ்க் குறி 93 பைட் வரை போகும்.

பெரிய ஊர்கள் ஏன் அகப்படவில்லை

அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன், திருத்துறைப்பூண்டி, திருக்காட்டுப்பள்ளி வண்டிகளுக்கு என்ன ஆனது என்று. "அதைத் தமிழ்ல அடிச்சா புரோகிராம் மூடிக்கிது தம்பி. அதனால இங்கிலீஷ்ல போட்டுடுவேன்" என்றார். வேலை நடக்கிறதே என்று யாரிடமும் சொல்லவில்லை.

திருக்காட்டுப்பள்ளி 19 குறி, 57 பைட், பூஜ்ஜியத்தோடு 58. 32-ஐ 26 பைட் தாண்டுகிறது. ஊருக்குப் பின்னால் காலி எடை, மொத்த எடை, ஈரப்பதம் என்று மூன்று எண்கள், மொத்தம் 12 பைட். அதையும் மூழ்கடித்துவிட்டு ஸ்ட்ரக்ட்டுக்கு வெளியே போய், ஸ்டாக்கில், அதாவது ஃபங்ஷன் ஓடும்போது தற்காலிகமாக எடுத்துக்கொள்ளும் மெமரியில், ஜிசிசி கம்பைலர் வைக்கும் காவல் எண்ணை மிதித்துவிடும். ஃபங்ஷன் முடியும்போது காவல் எண் மாறியிருப்பது தெரிந்து 'ஸ்டாக் ஸ்மாஷிங் டிடெக்டட்' என்று புரோகிராம் நின்றுவிடும். நாகப்பட்டினம் அவ்வளவு தூரம் போகாது. ஆனால் காலி எடையின் நான்கு பைட்டையும் நிரப்பி, கழித்தல் 136 கோடி கிலோ என்று காட்டும். அதை யார் பார்த்தாலும் தப்பு என்று தெரியும். இந்த வழக்கில் எனக்கு உறைத்தது இதுதான்: 26 பைட் தாண்டியது யாரையும் ஏமாற்றவில்லை, 2 பைட் தாண்டியது ஒருவர் நேர்மையையே கேள்விக்குள்ளாக்கியது.

கருவிகளும் இதே இடத்தில்தான் கைவிட்டன. மெமரி மீறலைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரோடு கம்பைல் செய்து மன்னார்குடி என்று அடித்தேன். ஒரு முணுமுணுப்பும் இல்லை. அது தனித்தனி மாறிகளுக்கு நடுவில்தான் வேலி போடும். ஒரே ஸ்ட்ரக்ட்டுக்குள் ஓர் உறுப்பிலிருந்து அடுத்ததற்குள் வழிந்தால் அதற்குத் தெரியாது. திருக்காட்டுப்பள்ளி அடித்தவுடன் வரி எண்ணோடு பிடித்துக் கொடுத்தது. மெமரிப் பிழை தேடும் இன்னொரு கருவியான வால்கிரைண்டும் ஸ்டாக்கில் நடக்கும் இந்த வகைக் கசிவைக் காணாது.

கடைசியில் கைகொடுத்தது, ஓடும் புரோகிராமை நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் ஜிடிபி. காலி எடை இருக்கும் இடத்தின் மேல் ஒரு வாட்ச் வைத்தேன். யார் அங்கே எழுதினாலும் நிறுத்து என்பதுதான் அதற்கு அர்த்தம். வண்டி எண்ணை அடித்ததும் பதிவிலிருந்து 3480 வந்து உட்கார்ந்தது; சரி, தொடர் என்றேன். ஊரை அடித்து என்டர் தட்டியதும் நின்றது. பழைய மதிப்பு 3480, புதிய மதிப்பு 191. நின்ற இடம் ஸ்ட்ர்காப்பிக்குள். அதைக் கூப்பிட்ட வரி, ஊரை நிரப்பும் வரி. அக்கா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். திரையைத் தொட்டு "இதாம்பா அது" என்றார்.

இன்னொரு காவலும் தூங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் பயன்படுத்தும் உபுண்டு லினக்ஸில் ஆப்டிமைசேஷன், அதாவது வேகப்படுத்தும் தேர்வு, போட்டு கம்பைல் செய்தால் ஃபார்ட்டிஃபை சோர்ஸ் என்ற சோதனை தானாகவே சேரும். அது ஸ்ட்ர்காப்பி போகும் இடத்தின் அளவைப் பார்த்து, மீறினால் அங்கேயே நிறுத்திவிடும். கம்பைல் செய்யும் கட்டளைகள் இருக்கும் எங்கள் மேக்ஃபைலில் ஆப்டிமைசேஷன் இல்லை. ஓ2 என்ற அந்தத் தேர்வைச் சேர்த்து கம்பைல் செய்த உடனே மன்னார்குடிக்கும் புரோகிராம் நின்றது. மாற்றம் இவ்வளவு சின்னது என்பது வருத்தமாகத்தான் இருந்தது.

சரிசெய்த விதம்

32-ஐ 256 ஆக்கிவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. இந்த ஸ்ட்ரக்ட் எஃப்ரைட் என்ற ஃபங்ஷன் மூலம் பைட் மாறாமல் அப்படியே ஃபைலில் எழுதப்படுகிறது. அளவை மாற்றினால் பழைய சீட்டுகள் எதையும் படிக்க முடியாது. தவிர, அளவு கேட்காமல் நகலெடுக்கும் பழக்கம் அப்படியே இருக்கும். 1988 நவம்பரில் மோரிஸ் புழு என்ற தானே பரவும் புரோகிராம் இணையத்தில் பரவிய வழிகளில் ஒன்று, பயனர் விவரம் தரும் ஃபிங்கர் சேவையில் உள்ளீட்டுக்கு ஒதுக்கியிருந்த 512 பைட் இடம். அங்கே குற்றவாளி, அளவு கேட்காமல் ஒரு வரியைப் படிக்கும் கெட்ஸ் ஃபங்ஷன். அதை சி மொழித் தரத்திலிருந்து நீக்க 2011 வரை ஆனது. ஸ்ட்ர்காப்பி இன்னும் இருக்கிறது.

ஸ்ட்ர்என்காப்பி போடு என்று பலர் சொல்வார்கள். அது 32 பைட்டோடு நிறுத்திக்கொள்ளும், உண்மைதான். ஆனால் இடம் நிரம்பிவிட்டால் முடிக்கும் பூஜ்ஜியத்தை வைக்காது. படிக்கும் வரி மறுபடி எடைக்குள் நுழையும். எஸ்என்பிரிண்ட்எஃப் பூஜ்ஜியத்தை வைக்கும், ஆனால் 31 பைட்டில் வெட்டும். மூன்று மூன்றாகப் போகும் தமிழில் 31 என்பது ஒரு குறியின் நடுவில் விழும். குறி எல்லையில் வெட்டினாலும் கிடைப்பது 'மன்னார்குட'. பணம் பட்டுவாடா ஆகும் சீட்டில் ஊர்ப் பெயரைப் பாதியில் வெட்ட எனக்கு மனம் இல்லை. அடங்காவிட்டால் ஏற்கக்கூடாது, சொல்லிவிட வேண்டும். வெட்டக்கூடாது.

அதனால் நகலெடுக்க ஒரே ஒரு ஃபங்ஷன் எழுதினேன். போகும் இடம், அதன் அளவு, வரும் சரம் மூன்றையும் அது வாங்கும். ஸ்ட்ர்லென் போட்டு சரத்தின் நீளத்தைப் பார்க்கும். நீளம் அளவைவிடக் குறைவாக இருந்தால் பூஜ்ஜியத்தோடு சேர்த்து நகலெடுக்கும். இல்லையென்றால் எதையும் தொடாமல் பிழை என்று திருப்பி அனுப்பும். திருப்பி அனுப்பியதைப் பார்க்காமல் விட்டால் கம்பைலர் எச்சரிக்கும்படி குறித்துவைத்தேன். உள்ளீட்டை முதலில், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி என்ற யூனிகோடு வடிவத்துக்குக் கொண்டுவருகிறேன், கும்பகோணம் எந்த வழியில் வந்தாலும் 30 பைட்டாக இருக்கும். ஊருக்கு இடம் 128 பைட். 42 தமிழ்க் குறி அடங்கும். எங்கள் பட்டியலில் மிக நீளமான திருக்காட்டுப்பள்ளிக்கு 19 போதும். ஃபைலுக்குப் புதுப் பதிப்பு எண் கொடுத்து, பழையதைப் படித்துப் புதியதாக எழுதும் சின்ன புரோகிராம் ஒன்றும் செய்தேன்.

பழைய சீட்டுகளில் கெட்டவற்றைக் கண்டுபிடிப்பது எளிதாக இருந்தது. ஊரின் 32 பைட்டுக்குள் ஒரு பூஜ்ஜியம்கூட இல்லையென்றால் அது வழிந்த சீட்டு. பதிவுள்ள வண்டிகளுக்கு உண்மையான காலி எடையைப் பதிவிலிருந்து எடுத்தோம். பெயரின் வால்பகுதி எடைக்குள் பத்திரமாக இருந்தது. வாடகை வண்டிகளில் எடை சரி, பெயரின் கடைசிப் பைட் மட்டும் போயிருந்தது. அதைப் பட்டியலோடு ஒப்பிட்டபோது ஒவ்வொன்றுக்கும் ஒரே ஊர்தான் பொருந்தியது.

சோதனைக்கு ஆங்கில ஊர்ப்பெயர் எதையும் வைக்கவில்லை. சுற்றுவட்டார ஊர்கள் அத்தனையும் தமிழில், கோ, கொ வரும் ஊர்கள் இரண்டு வடிவத்திலும், 127 பைட்டில் ஒன்று, 128 பைட்டில் ஒன்று. 127 ஏற்கப்பட வேண்டும், 128 மறுக்கப்பட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பிறகு காலி எடை 3480 ஆகவே இருக்கிறதா என்று பார்க்கும். மற்ற ஃபைல்களில் தேடியபோது ஸ்ட்ர்காப்பி இன்னும் பதினான்கு இடங்களில் இருந்தது. டிரைவர் பெயருக்கு 24 பைட், பக்கத்தில் சீட்டு எண். அது இன்னும் வழியாமல் இருந்ததற்கு ஒரே காரணம், டிரைவர் பெயரை அக்கா இன்ஷியலோடு சுருக்கி ஆங்கிலத்தில் போட்டதுதான். பதினான்கையும் அன்றிரவே மாற்றினேன்.

ஒன்பது சீட்டுக்கும் திருத்திய சீட்டு அடித்து, கூடுதலாகப் பணம் போனவர்களுக்கு விவரம் சொல்லி அனுப்பினார்கள். முதலில் வந்த பெரியவரிடம் அதை முதலாளியே நேரில் கொடுத்தார். அக்காவிடம் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் காலை அங்கிருந்து கிளம்பும்போது மேடையில் ஒரு திருத்துறைப்பூண்டி வண்டி நின்றது. அவர் தமிழிலேயே முழுப்பெயரையும் அடித்தார், காலி எடையை விரல் வைத்து ஒருமுறை பதிவோடு ஒப்பிட்டார், அச்சுக்குக் கொடுத்தார்.